மென்பொருளோடு வந்த முகம்

8 செப்டம்பர் 2024, ஞாயிறு

பின்னேரம் மகள் அம்ராவோடு இருந்து பழைய கம்பியூட்டர் படம் ஒன்று பார்த்தேன். அவளுக்கு ஒன்பது வயது. அந்தப் படம் வந்தபோது எனக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான். வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது நினைவிருக்கிறது. இதற்கு மேல் மனிதரால் ஒன்றும் செய்ய ஏலாது என்று அப்போது நினைத்தேன்.

இராகுலன் அண்ணா கேட்டதற்காகத்தான் திரும்பப் பார்க்கத் தொடங்கினேன். டவுனில் கலியாண வீடியோ எடுக்கிற ஸ்டூடியோ அவருடையது. மாதத்தில் ஒரு நாள் ஆட்களைச் சேர்த்துப் படம் போட்டுக் கதைக்கிற வட்டம் ஒன்றையும் நடத்துகிறார். "தங்கச்சி, டிசம்பரில முதல் காலத்துக் கம்பியூட்டர் படங்களை வைப்பம். அதுகள் இண்டைக்கும் நிக்குமோ எண்டு நீங்கள் கதைக்க வேணும். உங்கட தொழிலே அதுதானே."

என் தொழில்! கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே அனிமேஷன் உருவங்களுக்குத் தோலும் துணியும் வெளிச்சமும் போட்டுக் கொடுக்கிறேன். தயிர் விளம்பரத்தில் சிரிக்கிற சட்டிக்குக் கண் வைத்தவள் நான்தான். சரி என்று சொல்லிவிட்டேன்.

இன்று கண்ணில் பட்டவை: தலைமயிர் ஒரே கட்டியாக, தொப்பி போட்டதுபோல் இருக்கிறது. சட்டை கசங்குவதே இல்லை. தெருக்களில் ஆட்களே இல்லை. கூட்டத்தை உருவாக்க அந்த நாள் இயந்திரத்துக்குப் பலம் போதாது. சின்ன வயதில் அந்த வெறுந்தெரு எனக்கு உறைக்கவே இல்லை. இன்று பார்க்கும்போது, எல்லோரும் ஊரை விட்டு எழும்பிப் போன பிறகு எடுத்த படம்போல இருந்தது.

11 செப்டம்பர், புதன்

பூச்சிகள் வருகிற படம். இது நன்றாகத்தான் நிற்கிறது. பூச்சியின் ஓடு பளபளப்பாக இருந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இயந்திரத்துக்கு எது வருமோ அதையே கதையாக எடுத்திருக்கிறார்கள். கெட்டிக்காரர்கள்.

15 செப்டம்பர், ஞாயிறு

இன்று மனிதர்கள் மட்டுமே வருகிற படம். வந்த காலத்தில் மயிர்க்கால் முதற்கொண்டு உண்மைபோல் இருக்கிறது என்று புகழ்ந்த படம். கால் மணித்தியாலம்கூடப் போகவில்லை, அம்ரா தலையணையை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டாள்.

"உம்மா, இவங்க எல்லாம் மௌத்தாப் போனவங்களா?"

நிறுத்திவிட்டேன். அவள் கேட்டது சரி. கண் நம் பக்கம் திரும்புகிறது, ஆனால் நம்மைத் தாண்டி எதையோ பார்க்கிறது. வாய் அசையும்போது கன்னம் அசைவதில்லை. பொம்மையைப் பொம்மையாகக் காட்டிய படங்களுக்கு வயது போகவில்லை. மனிதரை மனிதராகவே காட்டப் பார்த்த படங்கள்தான் இன்று பிணம்போல் தெரிகின்றன. கூட்டத்தில் இதைச் சொல்லலாம். கொஞ்சம் மென்மையாக.

21 செப்டம்பர், சனி

வாக்குப் போட்டுவிட்டு வந்தோம். படம் எதுவும் பார்க்கவில்லை.

29 செப்டம்பர், ஞாயிறு

இராகுலன் அண்ணா காலையில் அழைத்தார். குரல் சரியில்லை.

"தங்கச்சி, இருக்கிறீங்களா நிக்கிறீங்களா?"

இருக்கிறேன் என்றேன்.

"கந்தளாயில ஒரு பள்ளிக்கூடத்தில பழைய அலுமாரி ஒண்டைத் துப்புரவாக்கியிருக்கினம். என்ர படத்தின்ர சீடி கிடந்திருக்கு. இன்னும் ஓடுற சீடிதான். போட்டுப் பாத்தனான். உங்களுக்கும் குடுத்து விடுறன்."

எந்தப் படம் என்று நான் கேட்கவில்லை. அவர் செய்த கம்பியூட்டர் படம் ஒன்றே ஒன்றுதான்.

எழுதி வைக்கிறேன், பிறகு குழம்பாமல் இருக்க. 2003, சமாதான காலம். ஆட்கள் காணிகளுக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். மிதிவெடி பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு தொண்டு நிறுவனம் சின்னப் படம் ஒன்று கேட்டது. கம்பியூட்டரில் செய்யலாம் என்று இராகுலன் அண்ணா தனியாளாக இறங்கினார். அதில் வருகிற பெண்பிள்ளைக்குக் குரல் கொடுத்தது என் தங்கச்சி அசனா. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. என் உம்மாதான், அப்போது நாங்கள் இருந்த கிண்ணியாவிலிருந்து படகுப் பாதையில் கடந்து டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போவார். அசனா ஒரு வாரம் முழுக்க வீட்டில் என்னோடு கதைக்கவில்லை. அவள் நடிகையாம்.

அடுத்த வருடம் டிசம்பரில் கடல் வந்தது. நான் தம்பலகாமத்தில் மாமி வீட்டில் இருந்தேன். உம்மாவும் வாப்பாவும் தப்பினார்கள். அசனா கிடைக்கவில்லை. வீடும் போனது, படங்களும் போயின, அவள் படித்த பள்ளியும் போனது. அண்ணாவின் கடைக்குள்ளும் கடல் புகுந்தது. மாமியிடம் ஒரு கலியாண வீட்டுப் படம் இருக்கிறது. அதில் யாருடையதோ தோளுக்குப் பின்னால் அசனாவின் நெற்றி கொஞ்சம் தெரியும். எங்களிடம் இருப்பது அந்த நெற்றி மட்டும்தான்.

30 செப்டம்பர், திங்கள்

பார்த்தேன். வாப்பா மௌத்தானதிலிருந்து எங்களோடு இருக்கிற உம்மா பக்கத்து வீட்டுக்குப் போயிருந்த நேரம், கதவைச் சாத்திக்கொண்டு.

ஏழு நிமிடப் படம். ஒரு பிள்ளை, இரண்டு கூட்டாளிகள், ஒரு ஆடு. ஆடு சிவப்புப் பலகையைத் தாண்டிப் போகிறது. கூட்டாளிகள் பின்னால் ஓடப் பார்க்கிறார்கள். பிள்ளை மறிக்கிறாள். "நில்லுங்க! அந்தப் பலகையப் பாருங்க. அங்கால போகாதீங்க." 'அங்கால' என்பதை இழுத்து, கடைசிச் சொல்லைக் கேள்விபோல் உயர்த்தி.

குரல் அவளுடையதுதான். இருபது வருடத்தில் நான் மறந்துவிட்டேன் என்று நினைத்த குரல்.

முகம் — முகம் மஞ்சள் பிளாஸ்டிக். தலைமயிர் கறுப்புத் தொப்பி. கண் ஒரு தடவைகூட இமைக்கவில்லை. கை வாளியின் பிடிக்குள்ளால் ஊடுருவிப் போகிறது. நான் இந்த மாதம் முழுக்க எந்தக் குறைகளை எழுதிக்கொண்டிருந்தேனோ, அத்தனையும் இதில் இருக்கின்றன. அசனாவின் குரல் அந்தப் பிளாஸ்டிக்குக்கு உள்ளேயிருந்து வருகிறது.

படத்தை நிறுத்தும்போது பிள்ளையின் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. அப்படியே விட்டுவிட்டு மூட மனம் வரவில்லை. வாய் மூடுகிற இடம்வரை தள்ளிவிட்டுத்தான் மூடினேன்.

6 அக்டோபர், ஞாயிறு

என் கணவர் றிகாஸிடம் சொன்னேன். அவர் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. இன்று விடுமுறை. முழுப் படத்தையும் நின்றுகொண்டே பார்த்தார். அசனாவை அவர் கண்டதில்லை.

"உம்மாவுக்குக் காட்டப் போறியா?"

தெரியாது என்றேன்.

"இந்தக் கோலத்தில காட்டாத. பாவம்."

வாசலுக்குப் போனவர் திரும்பி வந்தார். "உனக்கு இத நல்லாக்க ஏலும்தானே?"

ஏலும். அதுதான் பிரச்சினை. அண்ணா கொடுத்துவிட்ட உறைக்குள் இரண்டாவது சீடியும் இருந்தது. கம்பியூட்டர் படிப்பித்த ஆசிரியர் ஒருவர் கேட்டார் என்று, உருவங்களின் கோப்புகளையும் அண்ணா அந்தக் காலத்திலேயே கொடுத்திருக்கிறார். ஆளும் ஆடும் பலகையும் எல்லாம் அதில் இருக்கின்றன. இன்றைய மென்பொருளில் அவற்றைத் திறக்க முடிந்தால் நான் தோல் போடலாம், மயிர் போடலாம், கண்ணை இமைக்க வைக்கலாம்.

9 அக்டோபர், புதன்

திறந்துவிட்டது.

13 அக்டோபர், ஞாயிறு

இரண்டு நாளாகக் கால்களோடு மல்லுக்கட்டினேன். பிள்ளை நடக்கும்போது பாதம் நிலத்தில் ஒட்டாமல் இழுபடுகிறது. இடது கால் கூடுதலாக. இந்தப் பிழை அந்தக் காலத்துப் படங்கள் எல்லாவற்றிலும் உண்டு. ஆட்கள் பனிக்கட்டியில் வழுக்குவதுபோலத்தான் நடப்பார்கள். நேராக்கினேன். இப்போது அழகாக நடக்கிறாள். அண்ணாவுக்கு ஒரு துண்டு அனுப்பினேன். "சோக்கா இருக்கு" என்று பதில் போட்டிருக்கிறார்.

17 அக்டோபர், வியாழன்

இன்று சத்தத்தைத் துப்புரவாக்கினேன். மின்விசிறி இரைச்சல், எங்கோ ஒரு பஸ் ஹோன், காகம். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வரும்போது, அசனாவின் இரண்டு வசனங்களுக்கு நடுவில், அடியில், இன்னொரு குரல்.

"பயப்படாத. சொல்லு, மகள்."

உம்மா. முப்பத்தைந்து வயது உம்மா.

குசினியில் இப்போதைய உம்மா கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஹெட்போனைக் காதிலிருந்து கழற்றவும் மனமில்லை, கேட்கவும் பயம். பிள்ளைக்குப் பயமில்லாமல் கதைக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். மண்ணுக்குள் இருப்பதைப் பற்றி ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எச்சரிக்கை சொன்னவள் அசனா. கடலைப் பற்றி அவளுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எங்களுக்கே தெரியாது.

அந்தக் குரலை நான் கழிக்கவில்லை.

20 அக்டோபர், ஞாயிறு

முகம் வந்துகொண்டிருக்கிறது. நெற்றிக்கு மாமி வீட்டுப் படம் இருக்கிறது. மிச்சம் என் ஞாபகம். மூக்கு இப்படித்தான் இருந்தது. மேலுதடு கொஞ்சம் தூக்கலாக. கன்னத்தில் — குழி இருந்ததா? இருந்தது என்றுதான் நினைக்கிறேன். கண் பெரிது. இமை அடர்த்தி.

கை தானாகப் போகிறது. வேலை பார்ப்பதுபோலவே இல்லை. யாரோ பின்னால் நின்று சொல்லித் தருவதுபோல. மூன்று நாளாகக் கம்பனி வேலையைத் தொடவில்லை.

26 அக்டோபர், சனி

முடிந்தது என்று நினைத்தேன். உயிருள்ள பிள்ளை. சிரித்தால் கன்னம் ஏறுகிறது, கண் சுருங்குகிறது. மயிர் காற்றில் பறக்கிறது. தயிர்ச்சட்டிக்குக் கண் வைத்த கைதானா என்று எனக்கே பெருமை. உம்மாவை அழைப்போமா என்று யோசித்துக்கொண்டு இருக்கும்போது அம்ரா உள்ளே வந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உம்மா, என்ன எதுக்குப் படத்தில போட்ட?"

யாரை?

"இது நான்தானே."

திரும்பிப் பார்த்தேன். அவளையும் திரையையும். மூக்கு அவளுடையது. மேலுதடு அவளுடையது. கன்னத்துக் குழி, ஐயோ, அந்தக் குழி அம்ராவுக்குத்தான் இருக்கு, அசனாவுக்கு இருந்ததா இல்லையா எண்டே எனக்குத் தெரியாது. தினமும் பாக்கிற முகத்தை எடுத்து மௌத்தான பிள்ளையில ஒட்டியிருக்கிறன். என்ட பிள்ளைட முகத்தை. யா அல்லாஹ், நான் என்ன வேலை பாத்தனான்.

அம்ரா சந்தோஷமாக, "நான் நல்லாக் கதைக்கிறன்" என்றாள்.

27 அக்டோபர், ஞாயிறு

கம்பியூட்டருக்கு மேல் துணியைப் போட்டு மூடினேன்.

29 அக்டோபர், செவ்வாய்

அசனாவின் முகம் எனக்கு ஞாபகம் இல்லை. இதை எழுதிப் பார்க்கிறேன். ஞாபகம் இல்லை. இருபது வருடம் அவளை நினைத்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். யாரை நினைத்துக்கொண்டிருந்தேன்?

அம்ரா பள்ளியால் வரப் பிந்தினால் இப்போது படலையடியில் போய் நிற்கிறேன். றிகாஸ் துறைமுகத்திலிருந்து வரும்போது தானே கூட்டிக்கொண்டு வருகிறேன் என்கிறார். காரணம் கேட்கவில்லை.

2 நவம்பர், சனி

ஸ்டூடியோவுக்குப் போனேன். மணமகள் ஒருத்தியின் முகத்தில் பருக்களை அழித்துக்கொண்டிருந்தார் இராகுலன் அண்ணா. நான் கேட்க நினைத்தது ஒன்றுதான். அந்தப் பழைய முகம், அந்த மஞ்சள் முகம், அவளைப் பார்த்துச் செய்ததா? அப்படியென்றால் அதில் எங்கேயாவது அவள் இருப்பாள். நான் அதிலிருந்து தேடிப் பிடிக்கலாம்.

அவர் கதிரையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"பொய் சொல்லக் கூடாது தங்கச்சி. அது அவட முகமில்லை. மென்பொருளோட ஒரு பொம்மை முகம் சும்மா வந்தது. முகம் செய்ய அப்ப எனக்குத் தெரியாது. அதை எடுத்து நிறத்தை மாத்தினன், அவ்வளவுதான்."

அவர் தேத்தண்ணி எடுப்பித்தார்.

"அந்த நேரம் எனக்கு அது ஒரு குறையாத் தெரியேல்லை. அசனா நாளைக்கும் வருவா, மற்ற நாளும் வருவா எண்டுதானே இருந்தம். அவவப் போல செய்து வைக்க வேணும் எண்டு ஆர் நினைச்சது?"

ஓட்டோவில் வரும்போது உட்துறைமுகத்தில் ஒரு கப்பல் அசையாமல் நின்றது. தண்ணீரும் அசையவில்லை. நான் செய்கிற தண்ணீர்கூட இதைவிட அசையும்.

8 நவம்பர், வெள்ளி

நடந்தது இது. நான் மேசையில் கம்பனி வேலை. உம்மா குசினியில். அம்ரா முற்றத்தில் பூனைக்குட்டியோடு. பூனை படலைக்கு வெளியே போகப் பார்த்திருக்கிறது. அம்ரா கத்தினாள்:

"நில்லுங்க! அங்கால போகாதீங்க."

'அங்கால'வை இழுத்து. கடைசிச் சொல்லை உயர்த்தி. அப்படியே.

குசினியில் சத்தம் நின்றது. உம்மா முற்றத்துக்கு வந்தார், கையில் மாவோடு. அம்ராவைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால், படலைப் பக்கம் பார்த்தார். அங்கே ஒருவரும் இல்லை.

"இத எங்க படிச்ச?"

"உம்மாட கம்பியூட்டர்ல, உம்மும்மா."

உம்மா என் பக்கம் திரும்பினார். நான் பத்துப் பதில்களை ஆயத்தம் செய்து வைத்திருந்தேன்.

"கிடைச்சிட்டுதா?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். அவர் உள்ளே போய் மாவைப் பிசைந்து முடித்தார். அந்தியில் எல்லோருக்கும் ரொட்டி போட்டார்.

10 நவம்பர், ஞாயிறு

மதியம் லுஹர் தொழுதுவிட்டு உம்மா வந்து என் மேசைக்குப் பக்கத்தில் நின்றார். "போட்டுக் காட்டு."

அம்ராவின் முகம் உள்ளதைக் காட்ட முடியாது. அதை அழித்துவிட்டேன். மற்றதெல்லாம் சரிசெய்த இன்னொரு பிரதி இருந்தது. பழைய முகம், ஆனால் தோலும் கண்ணும் மென்மையாக, நடை நேராக. அதைப் போட்டேன். உம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். குரல் வந்த இடத்தில் கை மேசையைப் பிடித்தது. தன் பழைய குரல் வந்த இடத்தில் — "சொல்லு, மகள்" — என்னை ஒரு தரம் பார்த்தார். படம் முடிந்தது.

"குரல் அவட. ஆள் வேற ஆரோ."

ஓம் உம்மா, முகம் கடையில் வாங்கின மாதிரி, அவள் முகமில்லை என்று சொன்னேன். இராகுலன் அண்ணா சொன்னதையும் சொன்னேன். உம்மா தலையாட்டினார். போகத் திரும்பியவர், "இப்பிடித்தான் அவர் செஞ்சதா?" என்றார்.

இல்லை, நான் கொஞ்சம் திருத்தினேன் என்றேன்.

"திருத்தாததைப் போடு."

வேண்டாம் உம்மா, அது சரியில்லை, கை வாளிக்குள்ளால் போகும், கால் இழுபடும்...

"போடு, புள்ள."

போட்டேன். மஞ்சள் முகம். உம்மாவிடம் ஒரு அசைவும் இல்லை. முகத்தை அவர் பார்க்கவே இல்லை என்று நினைக்கிறேன். கடைசிக் காட்சியில் பிள்ளை நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊர்ப் பக்கம் நடந்து போகிறாள். இடது கால் இழுபட, ஒவ்வொரு எட்டுக்கும் விரல்களை மடக்கிப் பிடிப்பதுபோல.

உம்மா கதிரையில் இருந்துவிட்டார்.

"வாப்பாட செருப்பு."

எனக்கு விளங்கவில்லை. திரையில் பிள்ளைக்குச் செருப்பே இல்லை. வெறுங்கால்.

"வாப்பாட செருப்பத்தான் போட்டுக்கிட்டு நடப்பா. எத்தனை தரம் சொல்லியும் கேக்க மாட்டா. கழண்டு விழாம இருக்க இப்பிடி இழுத்து இழுத்து... பார், பார், இடது கால். அந்தச் செருப்புக்கு வார் அறுந்து கம்பி போட்டிருந்தது." விரலால் திரையைத் தொட்டார். "அவள்தான். பின்னால பாத்தா அவள்தான்."

திரும்பப் போடச் சொன்னார். திரும்பவும். ஒவ்வொரு தரமும் அவள் போகிறாள்.

நான் இரண்டு நாள் மெனக்கெட்டு நேராக்கினது அதைத்தான்.

11 நவம்பர், திங்கள்

இராகுலன் அண்ணாவை அழைத்து, அந்த நடை அசனாவுடையதா என்று கேட்டேன்.

"ஓம். ஓம் தங்கச்சி. நடக்க வைக்க எனக்குத் தெரியாது. அதால அவவக் கடை முற்றத்தில நடக்க விட்டு ஹண்டிகாமில எடுத்தனான். பிறகு அந்த வீடியோவுக்கு மேல வைச்சு ஒவ்வொரு படமாக் கால அசைச்சது. மாசக்கணக்கில. கால் ஏன் இழுபடுது எண்டு எனக்கே விளங்கேல்லை, என்ர பிழை எண்டுதான் நினைச்சன். காலில செருப்பு இருந்தது எனக்கு ஞாபகமே இல்லை."

பிறகு, "அந்த வீடியோக் கசற் கடலோட போயிட்டுது" என்றார்.

அந்த நாள் ஆட்கள் எத்தனை பேர் இப்படி, முகம் செய்யத் தெரியாமல், பக்கத்தில் இருந்த யாரையோ நடக்கவிட்டுப் பார்த்திருப்பார்கள்? நான் சிரித்துக்கொண்டு பிழை பிழை என்று எழுதினேனே, அந்தப் படங்களுக்குள் எல்லாம் யாரோ நடந்துகொண்டிருக்கிறார்களா?

27 நவம்பர், புதன்

விடாத மழை. கிண்ணியாப் பக்கம் வயல்களுக்குள் வெள்ளம். உம்மா யன்னலைச் சாத்திவிட்டு, படத்தைப் போட்டுத் தா என்று கேட்டார். அம்ராவும் கூட இருந்து பார்த்தாள். கை வாளிக்குள்ளால் போகும்போது இருவரும் சிரித்தார்கள்.

15 டிசம்பர், ஞாயிறு

இராகுலன் அண்ணாவின் கூட்டம். எதிர்பார்த்ததைவிட அதிகம் ஆட்கள். பாதிப் பேர் பிள்ளைகள்.

நான் முதலில் கதைத்தேன். தாளில் எழுதிக்கொண்டு போனதில் பாதியை வாசிக்கவில்லை. மயிரும் தண்ணீரும் தோலும் பழசாகிவிட்டன, அது உண்மை என்றேன். இன்று நான் செய்பவையும் இன்னும் இருபது வருடத்தில் அப்படித்தான் ஆகும். மேற்பரப்புக்குத்தான் முதலில் வயது போகிறது. ஆனால் அசைவு வேறு. யாரோ ஒருவர் இன்னொருவரை உண்மையாக உற்றுப் பார்த்துச் செய்த அசைவு பழசாவதில்லை, நானே அதைப் பிழை என்று நினைத்து அழித்துப் பார்த்தேன் என்றேன். உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு அந்த ஏழு நிமிடப் படம். பழையதுதான். சத்தத்தில் இரைச்சலை மட்டும் குறைத்தேன்.

பிள்ளைகள் சிரித்தார்கள். ஆடு தலையணைபோல் இருக்கிறது என்று முன்வரிசையில் ஒருத்தி சத்தமாகவே சொன்னாள். வாளிக்குச் சிரித்தார்கள், இமைக்காத கண்ணுக்குச் சிரித்தார்கள். உம்மா பக்கத்தில்தான் இருந்தார். எழும்பிப் போய் நிறுத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"நில்லுங்க!"

சிரிப்பு நின்றது. ஒரேயடியாக. ஆடு பலகைக்கு அப்பால் நிற்கிறது, பிள்ளைகள் இப்பால் நிற்கிறார்கள், யாரும் அசையவில்லை. கூடத்திலும் யாரும் அசையவில்லை. தலையணை என்று சொன்னவள் கதிரையின் நுனியில் இருந்தாள். ஆடு திரும்பி வந்தபோது முழுக் கூடமும் மூச்சு விட்டது. (ஆடு ஏன் தப்பியது என்று அண்ணா பிறகு சொன்னார்: "வெடி செய்ய அந்த நாள் என்ர கம்பியூட்டருக்கு ஏலாது.")

கடைசியில் பெயர்கள் ஓடும் இடத்தில் நான் ஒரே ஒரு மாற்றம் செய்திருந்தேன். முன்பு 'குரல்: அசனா' என்று இருந்தது. இப்போது 'குரலும் நடையும்: அசனா.'

வெளியில் வரும்போது பக்கத்தில் இருந்த பெண் ஒருவர் உம்மாவிடம், அந்தக் குரல் யாருடையது, எங்கட ஊர்க் கதைபோலக் கிடக்கிறது என்று கேட்டார்.

"என்ட சின்ன மகள்" என்றார் உம்மா. பிறகு என்னைக் காட்டி, "ஹுஸ்னியாக்கு அடுத்தவ."

26 டிசம்பர், வியாழன்

இருபது வருடம். காலையில் கிண்ணியாவுக்குப் போய் துஆக் கேட்டுவிட்டு வந்தோம். உம்மா கடல் பக்கம் முகத்தைத் திருப்பாமல்தான் நடந்தார், வழமைபோல. ஆனால் அம்ராவுக்குக் கதை சொல்லிக்கொண்டு நடந்தார்.

5 ஜனவரி 2025, ஞாயிறு

காலைச் சாப்பாடு முடிந்ததும் உம்மா குசினிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தார். படத்தை அந்தக் கடைசிக் காட்சியில் நிறுத்தச் சொன்னார். பிள்ளையின் முதுகு, அந்தத் தொப்பித் தலை. கிட்டப் போய்ப் பார்த்தார்.

"இவளுக்குக் காது இல்லையே."

உண்மைதான். இருபது வருடத்துக்கு முந்திய பொம்மை முகத்துக்குக் காது செய்கிற கஷ்டம் வேண்டாமென்று மயிரால் மூடிவிட்டிருக்கிறார்கள். நான் எத்தனையோ தரம் பார்த்தும் கவனிக்கவில்லை.

"செய்ய ஏலுமா?"

படத்தில் கை வைக்க மாட்டேன் உம்மா, அது அப்படியே இருக்கட்டும் என்றேன்.

"படத்துக்கு வேணாம். எங்களுக்கு."

அவளுடைய காது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை என்று சொன்னேன். இதை ஒருவரிடமும் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. உம்மா கதிரையை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்.

"உனக்கு எப்பிடித் தெரியும்? பெத்தவளுக்குத்தானே தெரியும். நான் சொல்றன். நீ செய்."

ஒரு வெறும் காதை எடுத்துத் திரையில் வைத்தேன். சின்னது, இன்னும் சின்னது என்றார். மேல் விளிம்பு இவ்வளவு மடியாது என்றார். மடல் தொங்காது, கன்னத்தோடு ஒட்டியிருக்கும் என்றார். காது குத்தின அன்று அசனா தலையை ஆட்டியதையும், குத்த வந்த பெண்ணின் கையைக் கடித்ததையும், ஓட்டை இடம் மாறிப் போனதையும் சொன்னார். அம்ரா வாசலில் நின்று கேட்டாள், பிறகு உள்ளே வந்து உம்மும்மாவின் மடியில் சாய்ந்துகொண்டாள்.

ஓட்டையை மடலின் நடுவில் வைத்தேன்.

"கீழ" என்றார் உம்மா. "இன்னும் கொஞ்சம். ஓம். அங்கதான்."